14 அவுன்ஸ் டைட்டானியம் 24 அவுன்ஸ் எஃகுக்குச் சமமா? முழங்கை வலியுள்ள தச்சருக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 44. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சிறிய குழுவில் தச்சுப் பயிலுநராக வேலை செய்கிறேன். வீட்டின் பின்புறம் அறை கூட்டிக் கட்டுவது, பேஸ்மென்டைக் குடியிருப்பாக மாற்றுவது, மர டெக் போடுவது ஆகியவையே எங்கள் வேலை. கம்ப்ரசரையும் ஆணித் துப்பாக்கியையும் பெரிய வேலைகளுக்கு மட்டுமே இறக்குவோம். மற்ற நாட்களில் கையால்தான் ஆணி அடிக்கிறோம். என்னிடம் இருப்பது தலையும் பிடியும் ஒரே எஃகுத் துண்டாலான 22 அவுன்ஸ் சுத்தியல். சில மாதங்களாக மாலை நேரத்தில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. உடன் வேலை செய்பவர், 14 அவுன்ஸ் டைட்டானியச் சுத்தியல் 24 அவுன்ஸ் எஃகுச் சுத்தியலுக்குச் சமம், அதை வாங்கினால் வலி போய்விடும் என்கிறார். இது உண்மையா? எதை வாங்குவது? விலை அதிகமாக இருப்பதால் வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

சுத்தியலுக்கு முன் முழங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிப்பக்க எலும்பு முனையில் தொடங்கி முன்கை வழியாக இறங்கும் வலி, மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் தசைநாண் நாளடைவில் பழுதுபடுவதால் வருவதாக இருக்கலாம். டென்னிஸ் முழங்கை என்று அதைச் சொல்வார்கள். அதுதானா, வேறு ஏதாவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். மாதக்கணக்கில் இருக்கும் வலியை ஒரு கருவியை மாற்றித் தீர்த்துவிடலாம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். வலி வேலையால் வந்தது என்று மருத்துவர் சொன்னால், அதை உங்கள் முதலாளிக்குத் தெரிவித்துவிட்டு, ஒன்ராறியோவின் பணியிடப் பாதுகாப்புக் காப்புறுதி வாரியத்துக்கு உரிய காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக அந்தக் காலம் 6 மாதங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் எதுவும் அந்தச் சிகிச்சைக்கு மாற்று அல்ல, அதற்குத் துணை மட்டுமே.

இப்போது 14க்கும் 24க்கும் வருவோம். சுத்தியலில் அச்சிட்டிருக்கும் அவுன்ஸ் தலையின் எடையைக் குறிக்கும். பிடியின் எடை அதில் சேராது. 14 அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 397 கிராம். இவ்வகைத் தலைகளுக்குப் பயன்படும் டைட்டானியக் கலப்புலோகங்களின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிராம், எஃகின் அடர்த்தி 7.85 கிராம். ஆகவே 14 அவுன்ஸ் டைட்டானியத் தலையின் அதே பருமனில் ஓர் எஃகுத் தலையைச் செய்தால், அது சுமார் 700 கிராம், அதாவது 25 அவுன்ஸுக்கு மிக அருகில் இருக்கும். கையில் பிடித்துப் பார்க்கும்போது டைட்டானியச் சுத்தியல் பெரிய சுத்தியலாகத் தோன்றுவதும், அதன் முகம் அகலமாக இருப்பதும் இதனால்தான். தோற்றத்தில் அது 24 அவுன்ஸ் சுத்தியல்தான். அடியில் அப்படியா என்பது வேறு கேள்வி.

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், எடையோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. அதன்படி, உங்கள் 22 அவுன்ஸ் தலை தரும் அதே ஆற்றலை 14 அவுன்ஸ் தலை தர வேண்டுமானால், அது ஆணியைத் தொடும் கணத்தில் கால் பங்கு கூடுதல் வேகத்தில் வந்திருக்க வேண்டும். எடை குறைந்தால் கை வேகமாக வீசும் என்பது உண்மை. ஆனால் வீசப்படுவது சுத்தியல் மட்டுமல்ல. உங்கள் முன்கையும் கையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அவையும் ஒவ்வொரு வீச்சிலும் கூடவே வருகின்றன. அந்த மொத்த எடையிலிருந்து 227 கிராமைக் குறைப்பதால் வேகம் கூடும். ஆனால் 22 அவுன்ஸை முழுமையாக ஈடுசெய்யும் அளவுக்கு எல்லோருக்கும் கூடிவிடாது. டைட்டானியம் வீச்சின் ஆற்றலில் 97 விழுக்காட்டை ஆணிக்குக் கடத்துகிறது, எஃகு 70 விழுக்காட்டை மட்டுமே கடத்துகிறது என்று தயாரிப்பாளர் தரப்பில் நெடுநாளாக விளம்பரம் செய்யப்படுகிறது. ஆணியின் பருமன், மரத்தின் இறுக்கம், முகத்தின் வடிவம், பிடியின் வகை என்று எத்தனையோ காரணங்களால் மாறக்கூடிய ஒன்றை இரண்டு எண்களில் அடக்க முடியாது என்பதால், வாங்கும் முடிவை அந்த எண்களின்மேல் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் நண்பரின் கூற்றை நான் இப்படித் திருத்துவேன்: நன்றாக வீசப் பழகிய கையில் 14 அவுன்ஸ் டைட்டானியம், 82 மில்லிமீட்டர் ஆணியைச் சாதாரணச் சட்ட மரத்தில் இறக்க 20 அவுன்ஸை ஒட்டிய எஃகுச் சுத்தியலைப் போல வேலை செய்யும், சில ஆணிகளுக்கு ஓர் அடி கூடுதலாகத் தேவைப்படும், நாள் முழுவதும் தோளும் முழங்கையும் தூக்கி இறக்கிய சுமை வெகுவாகக் குறைந்திருக்கும். அந்தக் கடைசிப் பகுதிதான் உங்களுக்கு முக்கியம்.

ஆணி அடிப்பதை விட்டு மற்ற வேலைகளுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. சுவரின் அடிச்சட்டத்தைக் கோட்டுக்குத் தள்ளுவது, இறுகிக்கொண்ட ஸ்டட்டை (சுவரின் செங்குத்துச் சட்டத்தை) தட்டி நிமிர்த்துவது, ஜோயிஸ்டை (தளத்தைத் தாங்கும் விட்டத்தை) ஹேங்கர் என்னும் உலோகத் தாங்கிக்குள் இறக்குவது போன்றவற்றில் ஒரு பெரிய மரத்தையே நகர்த்த வேண்டும். அங்கே ஆற்றலைவிட, எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தமே பேசும். எடை குறைந்த தலையை வேகமாக வீசி ஆற்றலைச் சமப்படுத்தினாலும், உந்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். மரம் அசைய மறுக்கும்; நீங்கள் இன்னும் ஓங்கி அடிப்பீர்கள்; முழங்கையைக் காப்பாற்ற வாங்கிய சுத்தியலாலேயே முழங்கைக்கு மேலும் கேடு வரும். இதனால்தான், டைட்டானியச் சுத்தியல் வாங்குகிறவர்கள் பழைய கனமான சுத்தியலைத் தூக்கி எறியக் கூடாது என்று என்னிடம் பயிலும் இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் 22 அவுன்ஸ் எஃகு வண்டியில் இருக்கட்டும், அல்லது அதற்குப் பதிலாக இரண்டு கைகளாலும் பிடிக்கக்கூடிய ஒரு சிறிய சம்மட்டி இருக்கட்டும். மரத்தை நகர்த்த அதையும், ஆணிக்கு டைட்டானியத்தையும் எடுங்கள்.

வலியைப் பொறுத்தவரை, தலையின் உலோகத்துக்கு நிகரான பங்கு பிடிக்கும் உண்டு. கடைகளில் யாரும் இதை அழுத்திச் சொல்வதில்லை. தலையும் பிடியும் ஒரே எஃகாக அமைந்த சுத்தியல் உடையாது, ஆடாது, ஆணி பிடுங்க உறுதியானது. ஆனால் அடியின் அதிர்வு தடையின்றி உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. ரப்பர் உறை அதை ஓரளவு குறைக்கிறது. ஹிக்கரி மரப்பிடி அதைவிட நன்றாகக் குறைக்கிறது. அமெரிக்கக் கோடரிகளுக்கும் சுத்தியல்களுக்கும் இந்த மரத்தைத் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வருவதற்கு, அடியைத் தாங்கி வளைந்து மீளும் அதன் இழைதான் காரணம். நீங்கள் டைட்டானியத்துக்கே போகாமல், ஹிக்கரிப் பிடி போட்ட 16 அல்லது 18 அவுன்ஸ் எஃகுச் சுத்தியலுக்கு மாறினாலும் கையில் வேறுபாடு தெரியும். செலவும் மிகக் குறைவு. கையில் பணம் இல்லை என்றால் இதுவே என் முதல் பரிந்துரை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

டைட்டானியத்தின் குறை அதன் முகத்தில் இருக்கிறது. எஃகுச் சுத்தியலின் முகத்தைச் சூடாக்கி, விரைவாகக் குளிர்வித்துக் கடினப்படுத்துவார்கள். உலோகத்தின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் அது பொதுவாக 45க்கு மேல் இருக்கும். பரவலாகப் பயன்படும் டைட்டானியக் கலப்புலோகம் 36ஐ ஒட்டியே நிற்கிறது. சாதாரண ஆணிக்கு அது போதும். ஆனால் கான்கிரீட்டில் இறக்கும் கடின ஆணி, உளியின் தலை, ஆணி இறக்கும் பஞ்ச், கடப்பாரை, இன்னொரு சுத்தியல் ஆகியவற்றை அடித்தால் முகத்தில் பள்ளம் விழும். ஆணி நழுவாமல் இருக்க முகத்தில் கட்டம் கட்டமாக வெட்டியிருக்கும் பற்கள், எஃகில் தேய்வதைவிட டைட்டானியத்தில் விரைவாகத் தேயும். முழு நேரமும் கையால் அடிப்பவர் ஒருசில ஆண்டுகளில் வழுக்கும் முகத்தோடு நிற்பார். இதோடு ஓர் எச்சரிக்கை: டைட்டானியம் கடினமான பொருளின்மேல் சறுக்கி விழும்போது வெண்மையான பிரகாசமான பொறி தெறிக்கும். பேஸ்மென்டில் கரைப்பான் கலந்த பசையோ வார்னிஷோ பூசிய நாளில், காற்றோட்டம் இல்லாத அறையில், அந்தப் பொறியைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். எந்தச் சுத்தியலானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அடிக்க வேண்டாம்.

சந்தையில் கிடைப்பவை மூன்று விதம். முதலாவது, டைட்டானியத் தலையும் ஹிக்கரிப் பிடியும் கொண்டது. கலிபோர்னியாவில் வளர்ந்து, பின்னர் மில்வாக்கி என்ற கருவி நிறுவனக் குழுமத்தின் கைக்குப் போன ஸ்டிலெட்டோ நிறுவனம்தான் வீட்டுச் சட்டம் கட்டும் தச்சர்களிடையே இந்த வகையைப் பரப்பியது. அமெரிக்க விலையில் இது 100 டாலரை ஒட்டி இருக்கும். இரண்டாவது, தலையும் பிடியும் டைட்டானியமாகவே அமைந்து, முகத்தில் மட்டும் கழற்றி மாற்றக்கூடிய எஃகுத் தகடு பூட்டியது. அதே நிறுவனத்தின் டைபோன் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. முகம் தேயும் குறை இதில் நீங்குகிறது; நெம்பினாலும் பிடி உடையாது; விலையோ 250 அமெரிக்க டாலருக்கு மேல், நம் ஊர்க் கடைகளில் கனடிய டாலரில் வரியோடு சேர்த்துப் பார்த்தால் திகைக்க வைக்கும். மூன்றாவது இதைத் தலைகீழாக்கியது: மார்க் மார்ட்டினஸ் தொடங்கிய நிறுவனத்தின் எம்1 போன்றவற்றில் பிடி டைட்டானியம், தலை 15 அவுன்ஸ் எஃகு. எடை தேவையான இடமான தலையில் எடை, தேவையில்லாத பிடியில் இலகு என்பது அந்த வடிவமைப்பின் எண்ணம். முகமும் உண்மையான எஃகு. தச்சனின் கண்ணால் பார்த்தால் மூன்றிலும் அறிவுக்கு மிகவும் பொருந்துவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விலையில் இது இரண்டாவதன் பக்கம் நிற்கிறது, மரப்பிடியின் மென்மையும் இதில் இல்லை.

இத்தனை விலை ஏன் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வருத்தம் தெரிகிறது. டைட்டானியத்தின் கனிமம் அரிதானதல்ல. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கறுப்பு மணலாகக் கிடக்கும் இல்மனைட் அதுதான். அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் கடினம். கனிமத்தை முதலில் குளோரைடாக மாற்றி, பிறகு உருக்கிய மக்னீசியத்தோடு ஆக்ஸிஜன் இல்லாத கலத்தில் பல மணி நேரம் வினைபுரியச் செய்ய வேண்டும். உருகிய டைட்டானியம் காற்றைத் தொட்டால் கெட்டுவிடும் என்பதால் உருக்குவதையும் வார்ப்பதையும் வெற்றிடத்தில் செய்கிறார்கள். தலைகளை வார்ப்பதோ, சுவாமிமலையில் செப்புத் திருமேனிகளை வார்ப்பதைப் போல, மெழுகு உருவைச் சுற்றி அச்சு கட்டி மெழுகை உருக்கி வெளியேற்றும் முறையில். கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த உழைப்புக்குப் போகிறது. கூடுதல் விலை என்பதால் கூடுதல் பலமான சுத்தியல் என்று பொருள் கொள்ள வேண்டாம்.

உங்கள் நிலைக்கு நான் சொல்வது முதல் வகையை: 14 அவுன்ஸ் டைட்டானியத் தலை, ஹிக்கரிப் பிடி. கையால் ஆணி அடிக்கும் நாட்கள் உங்களுக்கு அதிகம். அதனால்தான் டைட்டானியத்தை ஏற்கிறேன். ஆணித் துப்பாக்கியே எல்லாவற்றையும் அடிக்கும் பெரிய குழுவில் நீங்கள் இருந்திருந்தால், சுத்தியல் பெரும்பாலும் தள்ளவும் தட்டவும் பிடுங்கவுமே பயன்படும். அப்போது இந்தச் செலவு வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். அப்படிப்பட்ட இடங்களில் முழங்கை வலிக்கு மூன்றரைக் கிலோவை ஒட்டிய அந்தத் துப்பாக்கியை ஒரு கையால் தூக்கிப் பிடிப்பதுதான் காரணமா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். நீங்களும் துப்பாக்கி இறக்கிய நாட்களின் மாலையையும் சுத்தியல் நாட்களின் மாலையையும் ஒப்பிட்டுப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது மிகவும் உதவும்.

பிடியின் நீளத்தில் பேராசை வேண்டாம். 18 அங்குலப் பிடி திறந்த வெளியில் தலைக்கு வேகம் தரும்; ஆனால் நெம்புதூரம் கூடுவதால் மணிக்கட்டும் முழங்கையும் கூடுதலாக இழுபடும், 16 அங்குல இடைவெளியில் நிற்கும் இரண்டு ஸ்டட்களுக்கு நடுவே வீசவும் இடம் போதாது. பேஸ்மென்ட் வேலையில் பாதி நேரம் அப்படிப்பட்ட இடுக்குகளில்தான் போகிறது. 16 அங்குலத்தை ஒட்டிய பிடியைத் தேர்ந்தெடுங்கள். நேரான பிடியா, கோடரிப் பிடிபோல் வளைந்ததா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. பிடியின் சுற்றளவு அதைவிட முக்கியம்: மெலிந்த பிடியை நழுவாமல் வைத்திருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன, அந்த இறுக்கம் நேராக முன்கைத் தசைநாணில்தான் ஏறுகிறது. வேலைக்கு அணியும் அதே கையுறையோடு கடைக்குப் போய், பிடியைக் கையில் எடுத்து, தலை தரையை நோக்கித் தொங்கும்படி விட்டுப் பாருங்கள். விரல்களை இறுக்காமலே அது கையில் நிற்க வேண்டும்.

முகத்தில் பற்கள் வேண்டுமா, வழவழப்பாக வேண்டுமா என்பதற்கு உங்கள் டெக் வேலைதான் விடை. பற்களுள்ள முகம் ஈரமான, பனி படிந்த ஆணித் தலையில் நழுவாது. ஆனால் தவறி விழும் ஒவ்வோர் அடியும் மரத்தில் கட்டக் குறியைப் பதிக்கும். உள்ளே மறைந்துபோகும் சட்டத்துக்கு அது பொருட்டல்ல. தேவதாருப் பலகையில் அதே குறி விழுந்தால் வீட்டுக்காரர் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டையும் ஒரே சுத்தியலால் செய்யும் உங்களுக்கு வழவழப்பான முகமே நல்லது. தேய்ந்துபோகும் பற்களுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. தலையின் உச்சியில் ஆணியை நிறுத்திப் பிடிக்கும் காந்தப் பள்ளம் இருக்கும் மாதிரியை வாங்குங்கள். டைட்டானியத்தைக் காந்தம் ஈர்க்காது என்பதால் அதில் தனிக் காந்தம் பதித்திருப்பார்கள். ஏணியில் நின்று ஒரு கையால் ஆணியைத் தொடங்கும்போது அதன் அருமை தெரியும். பின்புறத்தில் ஆணி பிடுங்கும் பிளவு நேரானதாக இருக்கட்டும். ஆனால் மரப்பிடியை வைத்து 82 மில்லிமீட்டர் ஆணியை நெம்பிப் பிடுங்காதீர்கள். அதற்கு ஒரு சிறிய நெம்புகம்பியை இடுப்பில் வையுங்கள். மரப்பிடிகள் உடைவது பெரும்பாலும் நெம்பும்போதும், ஆணியைத் தாண்டி அடித்து மரவிளிம்பில் பிடியின் கழுத்து மோதும்போதும்தான்.

வாங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஆணிகள் வளையும். அதற்காக மனம் தளர வேண்டாம். கனமான தலைக்குப் பழகிய கை, அதன் எடையே ஆணியை நோக்கி இழுத்துச் செல்லும் என்று எதிர்பார்க்கிறது. இலகுவான தலை அப்படி இழுக்காது, பார்வையும் மணிக்கட்டும்தான் அதை வழிநடத்த வேண்டும். பிடியின் கடைக்கோடியில் கையை வைத்து, தோளிலிருந்து தொடங்கி முழங்கை வழியாக மணிக்கட்டில் முடியும் வீச்சாக அடியுங்கள். ஆணியைத் தொடும் கணத்தில் விரல்கள் சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும். இலகுவாக இருக்கிறதே என்று இரட்டிப்பு வலுவோடு அடிப்பவர்களுக்கு வலி குறைவதில்லை. இந்த ஒரு பழக்கத்தால் நல்ல சுத்தியலைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

குளிர்காலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. டைட்டானியம் துருப்பிடிக்காது, எஃகைவிட மிக மெதுவாகவே வெப்பத்தைக் கடத்துவதால் உறைபனியில் தொட்டாலும் எஃகு அளவுக்குச் சில்லிடாது. ஆனால் வீட்டுக்குள் சூட்டால் காற்று உலர்ந்திருக்கும் மாதங்களில் ஹிக்கரிப் பிடி சுருங்கித் தலை தளரக்கூடும். வேலை தொடங்குமுன் ஒருமுறை தலையை ஆட்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஆப்பை இறுக்கும்வரை அதைத் தொடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை ஆளிவிதை எண்ணெய் தடவினால் பிடி நெடுநாள் உழைக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும்.

வரியைப் பற்றிக் கேட்டீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழில்வினைஞர்கள் தம் வேலைக்காக வாங்கும் புதிய கருவிகளின் செலவில் ஒரு பகுதியைக் கழிக்கக் கனடிய வரிச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கழிவின் உச்சவரம்பு 2023 முதல் 500 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்ந்திருக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும் வாங்கிய கருவிகளின் மொத்த விலை ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகே கழிவு தொடங்குகிறது. அண்மை ஆண்டுகளில் அந்தத் தொகை 1,400 டாலரை ஒட்டி இருக்கிறது. ஆகவே சுத்தியலை மட்டும் வாங்கினால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது; அதே ஆண்டில் ரம்பம், லேசர் மட்டம் போன்றவற்றையும் வாங்கினால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடலாம். பழைய கருவியை வாங்கினால் செல்லாது. கருவிகள் உங்கள் வேலைக்குக் கட்டாயம் தேவை என்று முதலாளி டி2200 படிவத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் வைத்திருக்க வேண்டும். பயிலுநராகப் பதிவுசெய்த மோட்டார் வாகனத் தொழிலாளர்களுக்கு மேலதிகக் கழிவு ஒன்று உண்டு, அது தச்சுப் பயிலுநர்களுக்குப் பொருந்தாது. படிவத்தை ஆண்டு முடிவில் தேடி அலையாமல், சுத்தியல் வாங்கும் வாரத்திலேயே உங்கள் முதலாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.